போய்ச் சேராத வாய்க்கால்

நான் முதன்முதலாக வரைந்து செய்த சர்க்யூட் போர்டு இப்போது என் மேசைமேல் இருக்கிறது. உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிது. பழுப்பு நிறப் பலகை, அதன் ஒரு பக்கம் முழுக்கத் தாமிரக் கோடுகள். கோடுகள் கறுத்துப்போய்விட்டன. அவற்றுக்குக் குறுக்கே இரண்டங்குல நீளத்தில் ஒரு சிவப்புக் கம்பி பற்றவைக்கப்பட்டிருக்கிறது. முதலில் அந்தக் கம்பி கிடையாது. அது இல்லாததால்தான் என் அக்காவுக்கு வலது கையில் மூன்று விரல்கள் போயின. இதை நான் அவளிடம் சொல்லவில்லை. அவள் நேராகக் கேட்டபோது பொய் சொன்னேன். எனக்கு இப்போது எழுபத்தேழு வயது. இனியும் இதை மனதுக்குள் வைத்துக்கொண்டிருக்க முடியாது என்பதால் எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில் நான் கோவையில் ஒரு கல்லூரியில் வேதியியல் ஆசிரியர். கணபதியில் குடியிருந்தோம். எங்கள் வீட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு லேத் பட்டறை, அந்தப் பக்கம் மோட்டார் பாகங்கள் வார்க்கும் பட்டறை. காலை எட்டு மணிக்கு இரண்டும் தொடங்கிவிடும். எலக்ட்ரானிக்ஸ் எனக்குப் பாடமல்ல, ஆசை. ரேடியோவைப் பிரித்துப் போட்டுக் கூட்டுவது, அழைப்பு மணி செய்வது, தண்ணீர்த் தொட்டி நிரம்பினால் கத்துகிற கருவி செய்வது என்று நானாகவே கற்றுக்கொண்டேன். அதெல்லாம் கடையில் விற்கிற ஓட்டைப் பலகையில் பாகங்களைச் சொருகி, அடியில் கம்பிகளால் இணைத்துச் செய்தவை. மேலே பார்த்தால் ஒழுங்காக இருக்கும், திருப்பினால் காக்கைக் கூடு.

சொந்தமாக ஒரு போர்டு வரைய வேண்டும் என்ற ஆசை எனக்கு ஒரு சண்டையில் வந்தது. சண்டை என்றால் ஆசிரியர் அறைச் சண்டை. இயற்பியல் துறை நண்பர் ஒருவர் தாமே வரைந்த போர்டைக் கொண்டுவந்து எல்லோரிடமும் காட்டிக்கொண்டிருந்தார். ஒரு பக்கம் மட்டும் தாமிரம் இருக்கிற பலகையில் ஒரு கோட்டை இன்னொரு கோடு தாண்டிப் போக வழியில்லை. தாண்டித்தான் ஆக வேண்டும் என்றால் மேலே ஒரு கம்பியைப் பாலம் மாதிரி போட வேண்டும். ஜம்பர் என்பார்கள். அவருடைய போர்டில் பதினைந்து, இருபது ஜம்பர்கள் இருந்தன. நான் அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, இது போர்டுங்களா, இல்லை துணி காயப்போடற கொடியா என்று கேட்டேன். அறையே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. "நீங்க ஒண்ணு வரைஞ்சுட்டு வாங்க வாத்தியாரே, அப்பறம் பேசலாம்" என்றார். வரைகிறேன், ஒரு ஜம்பர்கூட இல்லாமல் வரைகிறேன் என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன்.

அந்த நேரத்தில்தான் அக்காவின் கஷ்டமும் கண்ணில் பட்டது. அக்கா என்னைவிடப் பதினோரு வயது மூத்தவள். அன்னூருக்கு அந்தப் பக்கம் அவளுடைய தோட்டம். மாமா இறந்து நான்கு வருடம் ஆகியிருந்தது. ஒரே மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்துகொண்டு அங்கேயே தங்கியிருந்தான். ஐந்து ஏக்கரையும் இரண்டு எருமைகளையும் அக்கா ஒற்றை ஆளாகப் பார்த்துக்கொண்டாள். தண்ணீர் நானூறு அடிக்குக் கீழே. அதைக் கம்ப்ரசர் வைத்துத்தான் எடுக்க வேண்டும். காற்றை அழுத்தி ஆழ்குழாய்க்குள் அனுப்பித் தண்ணீரை மேலே தள்ளுகிற இயந்திரம் அது. மோட்டாரிலிருந்து மூன்று பெல்ட்டுகள் ஓடி அதன் பெரிய சக்கரத்தைச் சுற்றும். சக்கரத்துக்கு மூடி போடுகிற வழக்கம் அந்தச் சுற்றுவட்டாரத்தில் யாருக்கும் கிடையாது.

மோட்டாருக்கு வேண்டிய மூன்று பேஸ் கரண்டு ஒரு நாளில் சில மணி நேரம்தான் வரும். வந்தாலும் நடுவில் நாலைந்து தடவை போய்ப் போய் வரும். போய் வந்தால் மோட்டார் தானாக ஓடாது. மறுபடியும் யாராவது போய்ப் பச்சைப் பட்டனை அமுக்க வேண்டும். ஊரோரம் இருந்த வீட்டிலிருந்து மோட்டார் ரூமுக்கு அரை மைல் தூரம். "கரண்டு எப்ப வருது எப்ப போகுதுன்னு பாத்துக்கிட்டே கெடக்கறதுக்கு நா என்ன வாசப்படி நாயா கண்ணு?" என்று அக்கா சிரித்துக்கொண்டே சொன்னாள். முழங்காலில் எண்ணெய் தேய்த்துக்கொண்டு சொன்னாள்.

கரண்டு வந்ததும் எட்டு விநாடி பொறுத்துத் தானாக மோட்டாரை ஓட்டிவிடுகிற கருவி ஒன்றை நான் செய்து தருகிறேன் என்றேன். கடையில் அப்போதே அப்படிப்பட்டவை விற்றன. வாங்கிக் கொடுத்திருக்கலாம். என் முதல் போர்டுக்கு ஒரு வேலை வேண்டியிருந்தது.

முதலில் ஓட்டைப் பலகையில் மாதிரி செய்தேன். அதில் எல்லாம் சரியாக இருந்தது. முக்கியமான ஒன்றைப் பற்றி யோசித்தே செய்திருந்தேன். அக்கா சிவப்புப் பட்டனை அமுக்கி மோட்டாரை நிறுத்தினால், அதைக் கருவி ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். நிறுத்திய பிறகு கரண்டு போய் வந்தால், ஓட்டக் கூடாது. கரண்டு இல்லாத நேரத்திலும் அந்த ஞாபகம் அழியாமல் இருக்க இரண்டு பென்சில் செல்கள் வைத்தேன். மேசைமேல் பலமுறை சோதித்தேன். மறக்கவில்லை.

பிறகு வரைய உட்கார்ந்தேன். சதுரக் கட்டம் போட்ட தாளில் பென்சிலால் வரைந்து, அழித்து, மறுபடி வரைந்து, ஒரு மாதம் போயிற்று. பாகங்கள் ஒரு பக்கம், கோடுகள் மறுபக்கம் என்பதால் எல்லாவற்றையும் கண்ணாடியில் பார்ப்பது போலத் திருப்பி யோசிக்க வேண்டும். வகுப்பில் சமன்பாடு எழுதிக்கொண்டிருக்கும்போதே மனம் கோடுகளுக்குப் போய்விடும். இருபத்தேழு இணைப்புகளில் இருபத்தாறு ஒன்றையொன்று தொடாமல் போய்ச் சேர்ந்துவிட்டன. ஒன்று மட்டும் போகவில்லை. செல்களிலிருந்து ஞாபகப் பகுதிக்குப் போகிற கோடு. பாதி தூரம் வந்து மூன்று கோடுகளுக்கு முன்னால் நின்றது. எப்படிச் சுற்றினாலும் வழியில்லை.

உக்கடம் பக்கத்தில் பாகங்கள் விற்கிற கடை வைத்திருந்த பாயிடம் அந்தத் தாளைக் காட்டினேன். மோட்டாருக்குத் தாமிரச் சுருள் கட்டுவதிலிருந்து டேப் ரெக்கார்டர் வரை எல்லாம் தெரிந்த மனிதர், ஏறக்குறைய என் வயது. ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு என் பேனாவையே வாங்கி அந்த மூன்று கோடுகளுக்கு மேலே ஒரு வளைவு போட்டார்.

"ஒரு ஜம்பரு. முடிஞ்சுது வேலை."

ஜம்பர் போடுவதாக இல்லை என்றேன்.

"ஏன் சார், ஒண்ணு போட்டா உங்க போர்டுக்குக் கொம்பா மொளச்சிரும்? ஜப்பான் ரேடியோவுலயே ஆறு இருக்குது."

நான் ஆசிரியர் அறையில் சொன்ன வார்த்தையை அவரிடம் சொல்லவில்லை. யோசித்துக்கொள்கிறேன் என்று தாளை மடித்து வாங்கிக்கொண்டேன்.

இரண்டு நாள் யோசித்தேன். யோசித்தது எல்லாம் அந்தக் கோடு தேவையில்லை என்று எனக்கு நானே நிரூபித்துக்கொள்வதற்குத்தான். செல் தீர்ந்தால் அக்கா எங்கே போய் மாற்றுவாள். நிறுத்திய பிறகு கரண்டு போய் வருவது எத்தனை நாளைக்கு ஒரு முறை நடக்கும். அப்படியே ஓடினாலும் கொஞ்சம் தண்ணீர் வீணாகும், அவ்வளவுதானே. இயந்திரத்தில் கை வைக்கிறவர்கள் மெயினை இறக்கிவிட்டுத்தானே வைப்பார்கள். நான்கு காரணங்கள் கிடைத்தன. கடைசிக் காரணத்தை நான் எழுதிப் பார்த்திருந்தால் அங்கேயே அடித்துவிட்டிருப்பேன். மனதுக்குள் வைத்துக்கொண்டதால் அது சரி என்றே பட்டது.

கோட்டை விட்டுவிட்டேன். ஈர்க்குச்சியைச் சீவி எனாமல் பெயின்டில் தொட்டுத் தாமிரத்தின்மேல் வரைந்தேன். வரையும்போது பழக்கத்தில் அந்தக் கோட்டையும் பாதி தூரம் வரைந்துவிட்டேன். பிறகு அதைச் சுரண்டப்போய் பக்கத்துக் கோடு கெட்டுவிடுமோ என்று அப்படியே விட்டேன். கல்லூரி ஆய்வகத்திலிருந்து ஒரு சீசாவில் பெர்ரிக் குளோரைடு எடுத்து வந்திருந்தேன். அதுவும் கேட்காமல் எடுத்ததுதான். பிளாஸ்டிக் தட்டில் அந்தப் பழுப்புக் கரைசலை ஊற்றிப் பலகையை மூழ்கவைத்து ஆட்டினால், பெயின்ட் இல்லாத இடத்துத் தாமிரம் எல்லாம் கரைந்துபோகும். அதன் சமன்பாட்டை இருபது வருடமாக மாணவர்களுக்கு எழுதிப்போட்டிருக்கிறேன். ஆனாலும் கோடுகள் ஒவ்வொன்றாக வெளியே வந்ததைப் பார்த்தபோது எனக்குக் கண் நிறைந்துவிட்டது. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். தரையில் சொட்டியிருந்த கறையைத்தான் அவள் பார்த்தாள்.

ஆசிரியர் அறைக்குக் கொண்டுபோனேன். இயற்பியல் நண்பர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஒத்துக்கறனுங்க" என்றார். என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக இருந்த மத்தியானங்கள் குறைவு.

தை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அன்னூர் பஸ் ஏறிப் போய் மாட்டினேன். போர்டை ஒரு பெட்டியில் வைத்துத் உள்ளே இருப்பது தெரிகிற பிளாஸ்டிக் மூடி போட்டிருந்தேன். கோடுகள் தெரிய வேண்டும் என்பதற்காகத் தாமிரப் பக்கத்தை வெளியே பார்க்கத் திருப்பியிருந்தேன். அதைப் பார்த்த பாய், சட்டையைத் திருப்பிப் போட்ட மாதிரி இருக்கிறது சார் என்று ஏற்கெனவே சொல்லியிருந்தார்.

அக்கா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு கிட்டே வந்து பார்த்தாள். பள்ளிக்கூடத்துக்கு ஐந்தாவது வரை போனவள். வெகுநேரம் பார்த்தாள்.

"நம்ம வாய்க்காலாட்டவே இருக்குது. இங்க பிரியுது, இங்க மடை. அப்படித்தான கண்ணு?"

அப்படித்தான் என்றேன். அவள் விரலை மூடிமேல் வைத்து ஒவ்வொரு கோடாகத் தொடர்ந்து போனாள். ஒரு இடத்தில் விரல் நின்றது.

"இதென்ன, இந்த வாய்க்கா மட்டும் எங்கியும் போய்ச் சேரலியே?"

"அது சும்மாக்கா. அழகுக்கு உட்டது."

"வாய்க்கால அழகுக்கு உடுவாங்களா?" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். பிறகு, நிறுத்த வேண்டுமானால் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டாள்.

"செவப்ப அமுக்கு, அவ்வளவுதான். மறுபடி பச்சைய அமுக்கற வரைக்கும் கல்லு மாதிரி கெடக்கும்."

இதை நான் சொன்னேன். ஓட்டைப் பலகையில் செய்த மாதிரிக்கு அது உண்மை. மாட்டிவைத்ததற்கு அது உண்மையில்லை. வேண்டுமென்று பொய் சொல்லவில்லை. ஆனால் சொல்லும்போது உள்ளே எங்கேயோ ஒன்று இடறியது. அதையும் மறைக்க மாட்டேன். இடறியதை நின்று பார்க்கவில்லை. அக்கா எருமைத் தயிரும் கம்பஞ்சோறும் வைத்திருந்தாள், சாப்பிடப் போய்விட்டோம்.

ஐந்து மாதம் அது நன்றாக ஓடியது. கரண்டு வருகிற சில மணி நேரமும் தண்ணீர் வேண்டியிருந்ததால், சிவப்பை அமுக்குகிற தேவை அபூர்வமாகத்தான் வந்தது. அக்கா வருகிறவர்கள் போகிறவர்களையெல்லாம் கூட்டிப்போய்க் காட்டினாளாம்.

வைகாசிக் கடைசியில் ஒரு நாள் காலை பதினொரு மணிக்குக் கல்லூரி அலுவலகத்துக்குப் போன் வந்தது. பெல்ட்டு ஒன்று சக்கரத்திலிருந்து நழுவியிருக்கிறது. அக்கா சிவப்புப் பட்டனை அமுக்கி நிறுத்திவிட்டு, பெல்ட்டை எடுத்து மாட்டிச் சக்கரத்தைக் கையால் உருட்டிக்கொண்டிருந்திருக்கிறாள். பழைய ஸ்டார்ட்டர் இருந்த காலத்தில் அவள் அதைப் பலமுறை செய்திருக்கிறாள். அந்த நேரத்தில் கரண்டு போய் வந்திருக்கிறது. மோட்டார் ஏற்கெனவே நின்றிருந்ததால் கரண்டு போனது அவளுக்குத் தெரியாது. எட்டு விநாடி.

நான் ஆஸ்பத்திரிக்குப் போனபோது கையில் கட்டுப் போட்டுப் படுத்திருந்தாள். அவளை டெம்போவில் ஏற்றிக் கொண்டுவந்த பக்கத்துத் தோட்டத்துக்காரர் சுவரோரம் நின்றிருந்தார். நான் வலிக்கிறதா என்று கேட்கவில்லை. நான் கேட்ட முதல் வார்த்தை இது:

"மெயினை எறக்கலியாக்கா?"

"இல்ல கண்ணு. செவப்பத்தான் அமுக்கினேன்."

"மெயினை எறக்காம பெல்ட்டுல கை வெப்பாங்களா அம்மணி?" என்றார் தோட்டத்துக்காரர், ஆற்றாமையோடு. நான் ஆமாம் என்பதுபோலத் தலையை ஆட்டினேன். அக்கா என் முகத்தைப் பார்த்தாள்.

"ஏந் தப்புத்தான். தம்பி நல்லாத்தான் செஞ்சு குடுத்தான். நாந்தான் புத்தியில்லாம செஞ்சுபோட்டேன். நீ வெசனப்படாத கண்ணு."

அவள் தப்பு எதுவும் இல்லை. பழைய ஸ்டார்ட்டரில் சிவப்பை அமுக்கினால் போதும். கரண்டு எத்தனை முறை போய் வந்தாலும் பச்சையை அமுக்காமல் மோட்டார் ஓடாது. வருடக்கணக்காக அந்தப் பழக்கம் அவளைக் காப்பாற்றியிருந்தது. என் போர்டு வந்துதான் அந்தப் பழக்கத்தை ஆபத்தாக்கியது. அந்த அறையில் இது தெரிந்த ஒரே ஆள் நான்.

ஆஸ்பத்திரியிலிருந்து அக்காவை எங்கள் வீட்டுக்கே கூட்டிவந்தோம். அவள் அங்கே இருந்தபோது நான் தனியாக அன்னூர் போனேன். கருவியைச் சோதிக்கப் போவதாக வீட்டில் சொன்னேன். மோட்டார் இணைப்பைக் கழற்றிவிட்டு, பச்சையை அமுக்கி, சிவப்பை அமுக்கி, மெயின் கைப்பிடியை இறக்கி மறுபடி ஏற்றினேன். அந்தக் கைப்பிடி துருப்பிடித்து இறுகிக் கிடந்தது. எனக்கே இரண்டு கையும் வேண்டியிருந்தது. எண்ணினேன். எட்டாவது விநாடியில், மோட்டாருக்குக் கரண்டு விடுகிற ரிலே டக்கென்று ஒட்டியது. கைப்பிடியை இறக்கி இன்னொரு முறை ஏற்றினேன், மறுபடியும் எட்டாவது விநாடியில் ஒட்டியது.

ஆனால் ஒன்று. சோதிக்க மட்டும் போனவன் பையில் எதற்காகச் சால்டரிங் அயர்னும் இரண்டங்குலக் கம்பியும் எடுத்துப் போயிருந்தேன்?

எங்கும் போய்ச் சேராத அந்தக் கோட்டின் முனையிலிருந்து மூன்று கோடுகளுக்கு மேலாக ஜம்பரைப் போட்டுப் பற்றவைத்தேன். இரண்டு புதுச் செல்கள் போட்டேன். மறுபடி சோதித்தேன். ஒட்டவில்லை. எல்லா வேலையும் பத்து நிமிடம்கூட இல்லை.

ஆடி மாதத்தில் அக்கா தோட்டத்துக்குத் திரும்பினாள். கொண்டுபோய் விட்டது நான்தான். கருவியைக் கழற்றிவிடலாம் என்று நான் சொன்னதற்கு அவள் சம்மதிக்கவில்லை. தம்பி செய்தது, இருக்கட்டும் என்றாள். மோட்டார் ரூமுக்குப் போனோம். மூடிக்கு முன்னால் போய் நின்றாள். இடது கை விரலை வைத்துத் தொடர்ந்தாள். விரல் பழைய இடத்தில் நின்றது.

"இங்க பாலமாட்டம் ஒரு கம்பி இருக்குதே. முன்ன இருந்துச்சா கண்ணு?"

நான் சொல்வதற்கு அதைவிட நல்ல நேரம் அமையப்போவதில்லை என்று அப்போதே எனக்குத் தெரிந்தது. யாருமில்லை. அவள்தான் கேட்கிறாள்.

"முன்னியே இருந்ததுதான்க்கா."

அக்கா விரலை எடுக்கவில்லை. நின்றுபோன வாய்க்காலை, பாலத்தை, பாலம் இறங்குகிற இடத்தை மறுபடி ஒருமுறை தொட்டுக்கொண்டு போனாள்.

"அப்படியா" என்றாள். "எனக்குத்தான் அப்பச் செரியாத் தெரியல போலிருக்குது."

அதன்பின் அவள் அதைப் பற்றிப் பேசவில்லை. வீட்டுக்கு நடந்து வரும்போது எருமை சினையாக இருப்பதைப் பற்றிச் சொன்னாள்.

வருகிற ஒறம்பரைகள், சொந்தக்காரர்கள், கையைப் பார்த்துக் கேட்டால், என் தப்புத்தான், தம்பி நல்லாத்தான் செய்து கொடுத்தான் என்று அவள் கடைசிவரை சொல்லிக்கொண்டுதான் இருந்தாள் என்று என் மனைவி சொல்வாள். அவள் அப்படிச் சொல்லி அப்புறம் ஒருமுறைகூட என் காதில் விழுந்ததில்லை. ஆஸ்பத்திரியிலும் எங்கள் வீட்டிலும் என் எதிரில் எத்தனையோ பேரிடம் சொன்னவள், அந்த நாளுக்குப் பிறகு நான் இருக்கிற இடத்தில் சொல்லவில்லை. யாராவது கேட்டால், "அது பழைய கதைங்க" என்று எழுந்து போய்விடுவாள். எனக்காகப் பிறரிடம் சொன்னாள். என் முகத்துக்கு முன்னால் அதைச் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை என்றுதான் நான் எடுத்துக்கொண்டிருக்கிறேன். வேறு மாதிரி எடுத்துக்கொள்ள நானும் முயன்று பார்த்தேன்.

இரண்டு விரலால் சோற்றைப் பிசைந்து எடுக்க வராது. அக்கா இடது கையால் சாப்பிடப் பழகினாள். பழகினாலும் பிறர் பார்க்க இடது கையால் சாப்பிட அவளுக்குக் கூச்சம். எல்லோரும் சாப்பிட்டு முடித்த பிறகு சமையலறையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிடுவாள். கல்யாணம், சீர் எதற்குப் போனாலும் பந்தியில் உட்காரமாட்டாள். கேட்டால் பசியில்லை என்பாள், வயிறு சரியில்லை என்பாள். என் மகள் கல்யாணத்திலும் உட்காரவில்லை. காலையிலிருந்து நின்றுகொண்டே இருந்துவிட்டுச் சாயங்கால பஸ்ஸுக்குக் கிளம்பினாள். நான் பஸ் நிலையம் வரை கூடப் போனேன். ஜன்னலோரம் உட்கார்ந்த பிறகு, "வாரேன் கண்ணு" என்றாள். பஸ் திரும்பும்வரை கையை ஆட்டிக்கொண்டு நின்றேன்.

சொல்ல வேண்டும் என்று போய்ச் சொல்லாமல் திரும்பிய பயணங்கள் நிறைய. ஒவ்வொரு முறையும் ஏதோ ஒன்று தடுத்தது என்று எழுதலாம்தான். எதுவும் தடுக்கவில்லை.

மூன்று வருடம் முன்பு அக்கா இறந்தாள். கருமாதியன்று மருமகன், அதாவது அக்காவின் மகன், என்னை மோட்டார் ரூமுக்குக் கூட்டிப்போனான். அவனுக்கே இப்போது நரைத்துவிட்டது. கம்ப்ரசர் போய் நீர்மூழ்கி மோட்டார் வந்து ரொம்ப நாளாயிற்று. பழைய சாமான்களையெல்லாம் எடைக்குப் போட்டபோதும் அம்மா இதை மட்டும் கொடுக்கவிடவில்லை என்று சொல்லி, செய்தித்தாளில் சுற்றிய போர்டை என் கையில் கொடுத்தான். பிரித்துப் பார்த்தபோது அவனும் எட்டிப் பார்த்தான்.

"எல்லாம் கோடா இருக்குது, இந்தக் கம்பி மட்டும் எதுக்குங்க மாமா?"

சொன்னேன். ஆசிரியர் அறையிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். அவன் வாசல் நிலையில் கையை ஊன்றி நின்று கேட்டான். நான் முடித்ததும் வெளியே தென்னைகளைப் பார்த்தபடி கேட்டான்.

"எனக்கெதுக்குங்க மாமா இதச் சொல்றீங்க? அம்மாகிட்டச் சொல்லியிருக்கோணும்."

குரலை உயர்த்தவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவன் முன்னால் நடந்தான். பாதி வழியில் நின்று, நான் வந்து சேரும்வரை காத்திருந்தான்.

"வாங்க. எல போட்டாச்சுங்க."

பந்தியில் எனக்கென்று ஒரு இடம் வைத்திருந்தார்கள். போர்டை மடிமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். சோறு விழுந்தது, குழம்பு விழுந்தது. பக்கத்தில் இருந்தவர் தண்ணீர் டம்ளரை என் பக்கம் நகர்த்திவைத்தார். அக்கா இருபது வருடத்துக்கு மேல் உட்காராத பந்தியில் உட்கார்ந்து, ஐந்து விரலாலும் பிசைந்து, வைத்ததையெல்லாம் சாப்பிட்டு முடித்தேன்.